அரிசியும் கூலியும்

அப்பா, வின்சென்ட் தே பவுல் சபையின் பொருளாளராக இருந்த காலத்தில் எங்கள் வீட்டு அலமாரிக்குள் ஒரு வெல்வெட் பை தொங்கும். கருஞ்சிவப்பு நிறம், அரை முழ ஆழம், வாயில் சுருக்குக் கயிறு. பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள்தான் அது வெளியே வரும். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, சாமியார் பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டடத்தில் சபைக் கூட்டம் நடக்கும். தொடக்க செபம், ஞான வாசகம், போன வாரக் குறிப்பு, எந்தெந்த வீட்டுக்கு யார் யார் போய் வந்தார்கள் என்ற அறிக்கை, புதிதாக வந்த மனுக்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் முன் அந்தப் பை கைமாறும். இரகசியக் காணிக்கை என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து, வெறுங்கையாக வெளியே எடுப்பார்கள். யார் பத்து ரூபாய் போட்டார், யார் நாலணா போட்டார், யார் ஒன்றுமே போடவில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கைவண்டி இழுத்த ஒருவர் அந்தச் சபையில் உறுப்பினர். அவருக்கு நெஞ்சுவலி வந்து வேலை நின்றபோது, அவர் வீட்டுக்கே சபை அரிசி கொடுக்கும்படி ஆனது. உதவி வாங்குகிறவர் உறுப்பினராகத் தொடரலாமா என்று ஒருவர் கேட்டார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கூடாதுன்னு எங்கேயும் இல்ல” என்றார். அவர் தொடர்ந்து வந்தார். பை அவரிடமும் போனது. அவரும் கையை விட்டு எடுத்தார். அப்பா சொல்வார், வீடு பார்க்கப் போவதற்கு அவரைப் போல ஆள் கிடையாது என்று. வாசலில் நிற்கும்போதே அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய மற்றவர்கள்தான் வீட்டுக்காரர்களைச் சங்கடப்படுத்தினார்கள்.

இந்தச் சபை பாரிஸில் 1833 ஏப்ரலில் தொடங்கியது. முன்னின்றவர்களில் ஒருவர் பிரெடெரிக் ஓசனாம், சட்டம் படிக்க வந்த இருபது வயதுப் பையன். அதற்கு முந்தைய வருடம்தான் காலரா அந்த நகரத்தை வாரிக்கொண்டு போயிருந்தது. மாணவர் விவாதக் கூட்டமொன்றில் கிறிஸ்தவத்தின் பழைய பெருமைகளை அவர் எடுத்துப் பேச, எதிரில் இருந்தவர்கள் ‘அதெல்லாம் சரி, இன்றைக்கு உங்கள் திருச்சபை என்ன செய்கிறது’ என்று கேட்டார்கள். பேச்சால் பதில் சொல்ல முடியாத கேள்வி. அவரும் நண்பர்களும் மூஃப்தார் பகுதியின் ஏழைகளிடையே வேலை செய்துகொண்டிருந்த ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரியிடம் போனார்கள். ஏழையின் வீட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பதை அந்தப் படித்த பையன்கள் அவரிடம்தான் கற்றார்கள். ஓசனாமுக்கு 1997-இலும் ரோசலிக்கு 2003-இலும் அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். ஆசிரியைக்கு மாணவனை விட ஆறு வருடம் தாமதம். கன்னியாஸ்திரிகளுக்கு எப்போதும் இப்படித்தான்.

இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும், அவர்களைச் சபைக்கு வரச் சொல்லாமல் நாம் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அப்போதிருந்து வரும் ஏற்பாடு. அப்பா அதோடு தன் பங்குக்குச் சிலவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். அரிசியைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. ரேஷன் கடைக்குப் போய் வருகிறவன் கையில் இருக்கிற மாதிரி மஞ்சள் பையில் இருக்க வேண்டும். தெருவில் யாரிடமும் அந்த வீட்டுக்கு வழி கேட்கக் கூடாது. உட்காரச் சொன்னால், எதைக் காட்டினாலும் அதில் உட்கார வேண்டும். கண் அடுக்களைப் பக்கம் போகக் கூடாது. எனக்கு விவரம் தெரிந்த பிறகு, கூட வர வேண்டிய ஆள் வராத ஞாயிறுகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். விதிப்படி இரண்டு பேர் வேண்டுமே.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று உப்பளத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. பாத்திகளில் மழைத் தண்ணீர் நிற்கும். தையிலோ மாசியிலோ மறுபடி தண்ணீர் பாய்ச்சிப் பாத்தி மிதிக்கிற வரைக்கும் கடன்தான். அவள் கால்கள் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கின்றன. குதிகால் வெடிப்பு எல்லா உழைப்பாளிக்கும் உண்டு, இது வேறு. கணுக்கால் வரை தோல் வெளுத்துத் தடித்து, அங்கங்கே வட்ட வட்டமாகப் புண் ஆறிய தடம். வெயிலில் உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணை எப்போதும் இடுக்கியே வைத்திருப்பாள். வீட்டுக்குள் நிழலில் பேசும்போதும் அப்படித்தான்.

அன்றைக்கு நாங்கள் போய் உட்கார்ந்ததும் அவள் மூத்த மகளிடம் ஏதோ கிசுகிசுத்தாள். பிள்ளை பின்வாசல் வழியாக ஓடியது. “இரிங்க அண்ணாச்சி, ஒரு வாய் காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றாள். அடுத்த வீட்டில் போய் ஒரு கருப்பட்டித் துண்டு வாங்கி வரத்தான் அந்தப் பிள்ளை போயிருந்தது. நான் நெளிந்தேன். இன்னும் நாலு வீடு பாக்கி, வெளியே தூறல். ‘வேண்டாம் தாயி, இப்பத்தான் குடிச்சிட்டு வாறோம்’ என்று அப்பா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, நடுப் பையனின் கணக்கு நோட்டை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார். கருப்பட்டி வந்து, சுள்ளி பிடித்து, கொதித்து, இரண்டு தம்ளரில் வருவதற்கு வெகுநேரம் ஆனது. ஒன்று வெண்கலத் தம்ளர், ஒன்று அலுமினியம். வெண்கலத்தை அவள் எனக்குத்தான் கொடுத்தாள், சின்னப் பையன் என்று. வெளியே வந்ததும் அப்பாவிடம் கேட்டேன், கடன் வாங்கிப் போட்ட காப்பியைக் குடிக்கலாமா என்று.

“எல, நாம கொடுக்கிறத அவ வாங்கணும், அவ கொடுக்கிறத நாம வாங்க மாட்டோம்னா அது எந்த ஊரு நியாயம்?” என்றார்.

ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் எங்களுக்கு மனிதன் கடவுளின் சாயல் என்று படித்துக் கொடுத்திருந்தார். ஆதியாகமம் முதல் அதிகாரம். ஒப்பிக்காவிட்டால் காதைத் திருகுவார். அந்தச் சாயல் சம்பாதித்துப் பெற்றதல்ல, அதனால் வறுமையோ நோயோ செய்த குற்றமோ அதைப் பறிக்க முடியாது என்பதுதான் கத்தோலிக்கப் போதனையின் அடிப்படை. போப்பாண்டவர்களின் சமூக மடல்கள் அதிலிருந்துதான் பேசுகின்றன. எனக்கு அது பாடமாக இல்லாமல் விஷயமாகத் தெரிந்தது அந்தக் கருப்பட்டிக் காப்பியில்தான். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் பசித்தவனும் அந்நியனும் சிறைப்பட்டவனும் நானே என்று ஆண்டவர் சொல்வதாக வருகிறது. அதை நம்புகிற ஒருவன் அந்த வீட்டில் விருந்தாளியாகத்தான் உட்கார முடியும்.

அவள் அன்று இன்னொன்றும் சொன்னாள். தம்ளரை வாங்கிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னாள்: “மழைக்கு நீங்க அரிசி தாறிய, மாதா புண்ணியம். வெயிலுக்கு அவுக கூலிய ஒழுங்கா தந்திருந்தா நான் உங்களுக்குச் சும்மாவே காப்பி போட்டுத் தந்திருப்பேனே அண்ணாச்சி.”

‘அவுக’ யார் என்று அப்பாவுக்குத் தெரியும். அளத்துக்காரர். சபைக்கு வருடாவருடம் பெரிய தொகை எழுதுகிறவர். திருவிழா நோட்டீசில் உபயதாரர் வரிசையில் அவர் பேர் மேலேயே இருக்கும். சபையின் அரிசியில் ஒரு பங்கு அவர் பணத்தில் வாங்கியதுதான். அவர் குறைத்துக் கொடுத்த கூலியில் ஒரு சிறு பகுதி, சுற்றி வளைத்து, மஞ்சள் பையில், நாங்கள் தூக்கிக்கொண்டு போக, அதே பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நடுவில் அதற்குத் தர்மம் என்று பேர் மாறியிருந்தது. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அப்பா வீட்டறிக்கை சொல்லும்போது அவள் சொன்னதை அப்படியே சொன்னார். யாரும் பேசவில்லை. செயலாளர் குறிப்பேட்டில் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எழுதினார்.

அதை எடுத்துப் பேசியது ஒரு பங்குச்சாமி. மே முதல் தேதி, உழைப்பாளியான புனித சூசையப்பர் திருநாள். தொழிலாளர் தினத்தன்று அந்தத் திருநாளை வைத்தவர் போப் பன்னிரண்டாம் பத்திநாதர், 1955-இல். வழக்கமாகச் சூசையப்பரின் பொறுமை, அடக்கம், உளி, இழைப்புளி என்று பிரசங்கம் போகும். இவர் சிங்கராயரில் ஆரம்பித்தார். போப் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ மடல். முதலாளியும் தொழிலாளியும் சம்மதித்துப் பேசிக்கொண்ட கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது. சிக்கனமாக வாழும் ஒரு தொழிலாளியின் பிழைப்புக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டவன் அநியாயத்துக்கு ஆளானவன் என்று அந்த மடல் சொல்வதை எளிமையாக விளக்கினார். தொழிலாளர் சங்கம் சேர்வது அவர்கள் உரிமை என்று போப் எழுதியிருக்கிறார் என்றதும் பின் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு வந்தார். பொதுநிலையினரின் பணி பற்றி 1965-இல் சங்கம் வெளியிட்ட ஏட்டில் ஓர் இடம் இருக்கிறது: நீதிப்படி கொடுக்க வேண்டியதைத் தர்மமாகக் கொடுக்காதீர்கள், முதலில் நீதியின் கடனைத் தீருங்கள் என்ற பொருளில். அதைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பீடத்துக்கு முன்னால் இடது பக்கம் முதல் வரிசையை அவர் பார்க்கவே இல்லை. மற்ற எல்லாரும் பார்த்தோம்.

அந்த வருடம் திருவிழா உபயம் குறைந்தது. சபை அரிசியும் குறைந்தது. பிரசங்கம் வைத்ததால் ஏழைகளுக்குத்தான் நஷ்டம் என்று சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பசித்த வயிற்றுக்கு நீதி வரும்வரை காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஓசனாமே இரண்டும் வேண்டும் என்று எழுதியவர். அன்பு காயத்துக்கு எண்ணெய் வார்க்கும், அடி விழாமல் தடுப்பது நீதியின் வேலை என்பது அவர் கருத்து. எங்கள் சபை முதல் வேலையை மனதார, அழகாகச் செய்தது. இரண்டாவதைக் குறிப்பேட்டில் கவனத்தில் கொண்டது.

செத்தவனுக்குச் செய்யும் மரியாதையிலும் அந்தக் காலத்தில் பேதம் உண்டு. வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால் அடக்கப் பூசைக்கே தரங்கள் இருந்தன: எத்தனை மெழுகுதிரி, எத்தனை மணி, பாட்டுப் பூசையா வெறும் பூசையா என்று காசைப் பொறுத்து. திருவழிபாட்டில் தனி ஆளுக்கோ வர்க்கத்துக்கோ விசேஷ மரியாதை கூடாது என்று 1963-இல் சங்கம் தீர்த்துச் சொன்ன பிறகுதான் அது போனது. எங்கள் சபை ஏழைகளின் அடக்கத்துக்குப் பெட்டி வாங்கிக் கொடுக்கும். அந்தப் பெட்டிக்கும் கறுப்புத் துணி ஒட்டி ஓரத்தில் வெள்ளை நாடா வைக்க வேண்டும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். மண்ணுக்குள் போகப்போகிற நாடாவுக்குக் காசா என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை, பில்லை மட்டும் காட்டுவார்.

எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்து உள்நாட்டில் ஒரு பங்குக்குப் போனேன். ஊர் பேர் வேண்டாம். அது ஒரு ஊரின் கதையும் இல்லை. அங்கேயும் சபை இருந்தது, பை இருந்தது. இரண்டு தெருக்கள் இருந்தன. தலித் கிறிஸ்தவர்களின் தெரு கோயிலுக்குத் தெற்கே, ஓடையைத் தாண்டி. பஞ்ச காலத்தில் அரிசி அங்கே போகும். ஆனால் தெரு முனையில் இருந்த குருசடி வரைக்கும்தான். அங்கே வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் போய் உட்காருவது, தம்ளர் வாங்குவது என்ற பேச்சே கிடையாது. விதிப் புத்தகத்தின் அதே பதிப்புதான் அங்கேயும் இருந்தது. திருவிழாத் தேரும் அந்தக் குருசடிக்கு முன்னாலேயே திரும்பிவிடும்.

இது புதிதா என்ன. வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டாகப் பிரிந்த கோயிலே கட்டியிருந்தார்கள். கால்சட்டைக் கோயில் என்று ஊர் சொல்லும். 1910-இல் தடுப்பை இடித்தபோது, அது வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தமிழ்நாட்டு ஆயர்கள் 2003 நவம்பரில் ரோமுக்குப் போனபோது, சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணியையே குலைக்கிறது என்று போப் இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம் நேராகவே பேசினார். சாதி பாராமல் எல்லாரோடும் உட்கார்ந்து உண்ட, 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை 2022-இல் புனிதரானார். படத்துக்கு மாலை போட எல்லாத் தெருக்காரர்களும் முந்தினார்கள்.

நான் சொல்ல வந்தது தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர் சொன்ன வார்த்தை. நானும் இன்னொரு ஆசிரியரும் அரிசியை நேராக வீடுகளுக்கே கொண்டுபோவது என்று தீர்மானித்து முதல் முறை ஓடை தாண்டியபோது, அவர் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்தார். மகன் மோர் கொண்டுவந்தான். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் சொன்னார்: “சார்வாள், அரிசி நாங்க பாத்துக்கிடுதோம். தேர இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க.” சபைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, அரிசி வேண்டாம் என்கிற அளவுக்கு அவர்களுக்கு வசதி வந்துவிட்டதா என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார், அதுதான் கொடுமை. தேர் ஓடை தாண்டியது பல வருடம் கழித்து, மறைமாவட்டம் தலையிட்டு, போலீஸ் காவலோடு. எங்கள் சபையின் பங்கு அதில் ஒன்றுமில்லை.

ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டேன். சபையில் இப்போது இளம் பெண்களும் இருக்கிறார்கள், நல்ல மாற்றம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி, தூத்துக்குடித் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். நிவாரணம் லாரி லாரியாக வந்தது. கூடவே பேனரும் வந்தது. ஒரு பாட்டியின் கையில் பிஸ்கட் பாக்கெட்டையும் போர்வையையும் கொடுத்து, ‘இங்கே பாருங்கம்மா, கொஞ்சம் சிரிங்க’ என்றான் ஒரு பையன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் காத்திருந்தான். போர்வையை அவன் விடவும் இல்லை, அவள் முகத்தைக் காட்டவும் இல்லை. கடைசியில் பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள்.

எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய நம்மூர் ஆட்களும் போட்டோ கேட்டார்கள். அரிசி மூட்டையையும் கடை பில்லையும் படமெடுத்து அனுப்பினோம். முகம் வேண்டும் என்றார்கள்; அப்போதுதான் இன்னும் நாலு பேர் கொடுப்பார்களாம். சபைச் செயலாளராக இருக்கும் பெண், கல்லூரி முடித்து மூன்று வருடம்கூட ஆகாதவள், வாட்ஸ்அப்பில் பதில் போட்டாள்: “அண்ணே, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாம நீங்க நிக்கிற அன்னைக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நாங்களும் இங்கேருந்து அனுப்புறோம்.” சிலர் குழுவை விட்டு வெளியேறினார்கள். சிலர் அதற்குப் பிறகுதான் கூடுதலாக அனுப்பினார்கள். அதற்கு நாலு மாதம் கழித்து ரோமிலிருந்து மனித மாண்பு பற்றி ஓர் ஆவணம் வந்தது, ‘திஞ்ஞித்தாஸ் இன்ஃபினித்தா’. மனிதனாக இருப்பதாலேயே வரும் மாண்பு ஒன்று, வாழும் நிலைமையால் காக்கப்படுவதோ சிதைக்கப்படுவதோ வேறொன்று என்று அது வகை பிரிக்கிறது. படித்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் முந்தானைதான் ஞாபகம் வந்தது.

இந்தப் பிள்ளைகளிடம் நான் பார்க்கிற வித்தியாசம் ஒன்று உண்டு. உப்பளத் தொழிலாளர்களுக்கு இப்போது மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் அரசு கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பம், அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வேலை செய்தார்கள் என்று அளத்தில் எழுதி வாங்க வேண்டும், அங்கேதான் இழுபறி. சபைப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் இரண்டு இரண்டு பேராக அளத்துத் தெருக்களுக்குப் போய் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். போன கூட்டத்தில் பட்டியலில் விட்டுப்போன பெயர்களை வாசித்தார்கள். கையெழுத்துப் போட மறுத்த மேஸ்திரியைப் பார்த்துப் பேச யார் போவது, தொழிலாளர் அலுவலகத்துக்கு யார் போவது என்று வெகுநேரம் பேச்சு நடந்தது. மேஸ்திரியைத் தெரியும் என்று நான் கை தூக்கினேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்தவன். அரிசி இருப்பு எவ்வளவு என்ற கணக்கு அன்று கடைசியில்தான் வந்தது. அதற்குள் பாதிப் பேர் பைக்கை எடுக்கப் போய்விட்டார்கள்.